மூன்றாம் தத்தாமியின் முடிவுகள்

வின்னிபெக்கில் அன்று மைனஸ் இருபத்தாறு.
அரங்கத்துக்குள் எல்லோரும் வெறுங்கால்.
வாசலில் குவிந்த பனிச்சப்பாத்துகளிலிருந்து
பதினெட்டு நாட்டுச் சகதி
ஒரே குட்டையாக உருகிக்கொண்டிருந்தது.

என் வேலை எளியது.
நடுவர் கை நீட்டுவார். மரிவிக் எண்ணைச் சொல்வாள்.
நான் தட்டுவேன். அச்சுப்பொறி இருமும்.
தாளைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவேன்.
சித்திரகுப்தன் உத்தியோகம் என்றாள் மனைவி.
அவருக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன்.

சிவப்பு மை காலையிலேயே இளைக்கத் தொடங்கியது.
தலைப்புகள் முதலில் காவி,
பிறகு தேநீர்,
மதியத்துக்குமேல் வெறுந்தாள்.
கடை தூரம், கார் உறைந்துபோயிருந்தது.
யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கராத்தேயில் நான்காம் இடம் கிடையாது.
வெண்கலம் இருவருக்கு, அதன்பின் நேரே ஐந்து.
நான்கை யாரோ இரக்கப்பட்டு
விழுங்கிவிட்டிருக்க வேண்டும்.

மூன்றேகாலுக்கு இறுதியாட்டம்.
பெண்கள், நாற்பத்தேழு கிலோவுக்கு உட்பட்டோர்.
சிவப்புப் பட்டி ஐகெரிம், கஸகஸ்தான்.
நீலப் பட்டி ஆரபி சிவபாக்கியநாதன், கனடா.
மென்பொருளின் கட்டத்தில்
ஆங்கிலத்தில் பதினேழு எழுத்துக்குத்தான் இடம்,
இடைவெளியும் ஓர் எழுத்து.
'சிவபாக்கிய' என்பதோடு
தகப்பன் பாதியில் நின்றார்.

ஒன்பதாம் நொடியில் ஐகெரிமின் குத்து, ஒன்று.
பிறகு ஆரபியின் கால் எழுந்ததை நான் பார்க்கவில்லை,
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூட்டம் மூச்சிழுத்த சத்தம் மட்டும் கேட்டது.
மரிவிக் "மூன்று" என்றாள்,
சொல்லிவிட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள்.
அது விதிக்குப் புறம்பு.
கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்
ஐகெரிமின் உதை விலாவில். இரண்டு.
மணி.

மூன்றுக்கு மூன்று.
சமமானால் முதலில் தொட்டவருக்கே வெற்றி.
ஐகெரிமின் எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான் அடையாளம்.
எல்லோரும் மறந்துபோன ஒன்பதாம் நொடி
அங்கே உட்கார்ந்திருந்தது.

மேடையில் நால்வர்.
வெண்கலம் வாங்கிய இருவரும்
தங்கள் கடைசி ஆட்டத்தில் வென்றவர்கள்.
தோற்றுவிட்டு நேரே படியேறியது
வெள்ளிக்காரி ஒருத்திதான்.

பிறகு அவர் வந்தார்.
குளிரங்கியைக்கூடக் கழற்றவில்லை.
சுவரில் ஒட்டிய தாளில் விரலை ஊன்றி,
"மூண்டுக்கு மூண்டு எண்டு கிடக்கு.
பிறகேன் என்ர பிள்ளைக்கு வெள்ளி?"
அப்போதுதான் பார்த்தேன்.
புள்ளி சிவப்பு.
தாளில் புள்ளியே இல்லை.

மையைப் பற்றிச் சொன்னேன், விதியைப் பற்றிச் சொன்னேன்.
எனக்கே பொய்போலக் கேட்டது.
"பேரையும் பாதியாத்தானே போட்டிருக்கிறியள்,"
என்றார், கொஞ்சம் மெல்லமாக.

ஆரபி வந்தாள்,
முழங்காலுக்குக் கீழே ஐஸ் பொதி,
வாய் நிறைய உருளைக்கிழங்குச் சீவல்.
தாளைப் பார்த்தாள். என் பையிலிருந்த பேனாவைக்
கேட்காமலே உருவினாள்.
ஐகெரிமின் மூன்றுக்குப் பக்கத்தில்
ஒரு புள்ளி குத்தினாள், நீல மையில்,
தாள் ஓட்டையாகும் அளவுக்கு அழுத்தி.
"அவள்தானே அப்பா முதல் அடிச்சவள்.
நான் நித்திரையா நிண்டனான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பேனா அவர் கைக்குப் போனதை
நான் கவனிக்கவில்லை. அடுத்த ஆட்டம்
தொடங்கிவிட்டது,
பெருவின் பையன் ஒருவன் மூக்கில் ரத்தத்தோடு.

இரவு ஒன்பதுக்குத் தாள்களை உரித்தேன்.
பசைநாடா சுவர் வண்ணத்தைக் கொஞ்சம் கொண்டுவந்தது.
அந்தத் தாளில், கட்டத்துக்கு வெளியே,
கறுப்புக் கோட்டைத் தாண்டி,
தமிழில் சாய்வாக: நாதன்.

சங்கத்துக்குப் போன கோப்பில்
புள்ளி சரியாக, சிவப்பாகவே இருந்தது.
நாதனுக்கு அங்கே இடமில்லை.
தாளை மடித்துக் குளிரங்கிப் பைக்குள் வைத்தேன்.
பேனா திரும்பி வரவில்லை.
கார் நான்காம் முறை திருகியபோதுதான் உயிர்த்தது.